ஏட்டிலிருந்து நாவுக்கு

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் ஒரு சம்பளக் கணக்கு இருக்கிறது. திருப்பதியம், அதாவது தேவாரம் பாட 48 பேர், உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளத்துக்கு ஒருவர் என 50 பேரை ராஜராஜ சோழன் நியமித்தான். ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல். பாடுகிறவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அவருடைய உறவினர் அந்த இடத்துக்கு வர வேண்டும்; உறவினருக்குப் பாடத் தெரியாவிட்டால் தெரிந்த வேறொருவரைத் தேட வேண்டும். அன்று தேவாரம் இருந்த இடம் இவர்களுடைய நாக்கு. மற்றவர்களுக்குக் காது மட்டும்தான். பாடும் நேரம் பார்த்துக் கோயிலுக்குப் போனால் கேட்கலாம்; வீட்டுக்கு எடுத்துவர முடியாது.

மார்கழி முடியும் தறுவாயில் தஞ்சாவூர் போயிருந்தேன். அதே கோயிலின் வெளிவாசலில், தலையாட்டி பொம்மைக் கடைகளை ஒட்டித் தார்ப்பாய் விரித்துப் புத்தகம் விற்றுக்கொண்டிருந்தார் ஒருவர். திருப்பாவையும் திருவெம்பாவையும் ஒன்றாகத் தைத்த கையடக்கப் பிரதி, கந்த சஷ்டி கவசம், கோளறு பதிகம், விநாயகர் அகவல், அபிராமி அந்தாதி, லலிதா சகஸ்ரநாமம். பெரும்பாலானவை முப்பது ரூபாய்க்குள். வழவழப்பான வண்ண அட்டை, உள்ளே மட்டமான தாள், முதுகில் இரண்டு கம்பி.

வயதான அம்மா ஒருவர் குனிந்து திருப்பாவையை எடுத்தார். "பெரிய எழுத்துல இருக்காப்பா?" என்பது முதல் கேள்வி. கடைக்காரர் வேறொன்றை எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மா கையை நீட்டிப் பிடித்து, கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, எழுத்து தெரியும் தூரத்தைக் கண்டுகொண்டார். நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து நான்கு வரியை வாய்விட்டே சொல்லிப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் முந்தானை முடிச்சை அவிழ்த்தார். பதிப்பகம் எது என்றோ உரை உண்டா என்றோ அவர் கேட்கவில்லை. சொல்ல வருகிறதா என்பதுதான் அவருடைய சோதனை.

சமயப் புத்தகங்கள் இவ்வளவு விற்பதற்குப் பயம், பழக்கம், மூடநம்பிக்கை என்று எளிதாகக் காரணம் சொல்லிவிடுகிறோம். அந்த அம்மாவைப் பார்த்த பிறகு எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. காவிரியோடு கிழக்கே, கடல் வரைக்கும், இந்தப் புத்தகங்கள் விற்கும் இடங்களைப் பார்த்துக்கொண்டே போவது என்று முடிவு செய்தேன்.

கோயிலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் அரண்மனைக்குள் சரஸ்வதி மகால் நூலகம். நாயக்கர்கள் தொடங்கி மராட்டியர்கள் வளர்த்த ஏட்டுச் சேமிப்பு. இரண்டாம் சரபோஜி 1820-21ல் பெரும் பரிவாரத்தோடு காசிக்குப் போனார். மற்றவர்கள் கங்கைச் செம்பு கொண்டுவரும் யாத்திரையிலிருந்து அவர் சுவடிகளும் கொண்டுவந்தார். யாத்திரை போன இடத்திலிருந்து புத்தகம் வாங்கிவரும் வழக்கத்துக்கு இந்த ஊரில் ராஜாவே முன்னோடி. ஆனால் அவர் கொண்டுவந்தது அரண்மனைக்கு. 1918ல்தான் நூலகம் பொதுமக்களுக்குத் திறந்தது.

கும்பகோணம் பேருந்தில் ஏறினேன். சாலையின் இருபுறமும் சம்பா கதிர் சாய்ந்து மஞ்சள் ஏறிக்கொண்டிருந்தது. அய்யம்பேட்டையை ஒட்டிய சூலமங்கலம்தான் சூலமங்கலம் சகோதரிகளின் ஊர். ஜெயலட்சுமியும் ராஜலட்சுமியும் பாடிய கந்த சஷ்டி கவசம் ஒலிக்காத தமிழ் வீடு குறைவு. தேவராய சுவாமிகள் 19ஆம் நூற்றாண்டில் ஆறு படைவீட்டுக்கும் ஆறு கவசம் பாடினார். அவற்றில் ஒன்றுதான் இப்படி ஊரெங்கும் பரவியது. இசைத்தட்டு, ஒலிநாடா, கைபேசி என்று ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் காதில் விழுந்துகொண்டிருக்கும் பாட்டுக்குப் புத்தகம் எதற்கு?

சுவாமிமலையில் இதைக் கேட்டேன். தமிழ் வருஷங்களின் பெயர் தாங்கிய 60 படிகள் ஏறும் கோயில். கீழே அர்ச்சனைத் தட்டுக் கடையில் கவசப் புத்தகம் அடுக்கடுக்காக இருந்தது. கடைக்கார அண்ணன் யோசிக்கவே இல்லை. "பாட்டு ஓடுறப்ப கூடவே போயிடலாம் சார். நிறுத்திட்டுத் தனியா சொல்லிப் பாருங்க, பாதில வழி தப்பிடும். அதுக்குத்தான் வாங்குறாங்க." இன்னொன்றும் சொன்னார். கைபேசியில் பாட்டு வந்த பிறகு புத்தக விற்பனை குறையும் என்று நினைத்தாராம். கேட்டுக் கேட்டுப் பிடித்துப்போனவர்கள் புத்தகம் தேடி வருகிறார்களாம். கைபேசியில் எல்லாமும் வந்துபோகும். பூஜை அலமாரியில் வைத்துக் குங்குமம் இட, புத்தகம்தான் வேண்டும்.

கவசத்தை ஒருநாளில் 36 உரு சொல்வதற்கு உரிய பலனை அந்தப் பாட்டே சொல்கிறது. சஷ்டி விரதத்தில் அப்படிச் சொல்கிறவர்கள் உண்டு. ஒரு தாய் மகனின் வேலைக்காகவோ கணவனின் உடம்புக்காகவோ 48 நாள் ஒரு பதிகத்தைச் சொல்லத் தீர்மானிக்கிறாள். மருத்துவர் பார்த்துக்கொண்டிருக்கிறார், வக்கீல் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவள் செய்ய என்ன இருக்கிறது? காலையில் குளித்து, விளக்கேற்றி, இந்தப் பக்கங்களைச் சொல்லலாம். இருபது ரூபாய்ப் புத்தகம் அவள் கையில் ஒரு காரியத்தைக் கொடுக்கிறது. இதைப் பயம் என்று மட்டும் சொல்வது அவளுக்கு நியாயம் செய்வதாகாது.

கும்பகோணம் முழுமையான நூலைத் தேடியவர்களின் ஊர். காட்டுமன்னார்கோயிலில் இருந்த நாதமுனிகள், யாத்ரீகர்கள் சிலர் குடந்தை என்ற இந்த ஊரின் ஆராவமுதன் மேல் பத்துப் பாசுரம் பாடக் கேட்டார் என்பது வைணவ மரபு. ஆயிரத்தில் இவை பத்து என்று கடைசிப் பாசுரம் சொன்னது. மீதி எங்கே என்று கேட்டால் பாடியவர்களுக்குத் தெரியவில்லை. குடந்தைக்கு வந்து கேட்டார், அங்கும் இல்லை. நம்மாழ்வாரின் குருகூர் வரை போய் நாலாயிரத்தையும் பெற்றுவந்தார். சைவத்திலும் இதே போன்ற கதை: தில்லையில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளைச் செல்லரித்தது போக மீட்டவர் நம்பியாண்டார் நம்பி. இரண்டு மரபும் தங்கள் வேத நூலின் வரலாற்றை ஒரு தொலைந்த புத்தகத்தைத் தேடிய வரலாறாகவே நினைவில் வைத்திருக்கின்றன.

பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்தைச் சேர்ந்த, 1855ல் பிறந்த உ.வே. சாமிநாதையர், 1880ல் கும்பகோணம் கல்லூரிக்குத் தமிழாசிரியராக வந்தார். சீவக சிந்தாமணி கையில் கிடைத்தபோது அதிலுள்ள சமயச் செய்திகள் அவருக்குப் புரியவில்லை. கும்பகோணத்தில் வாழ்ந்த ஜைனர்கள் அதைப் புனித நூலாக வீட்டில் வைத்து ஓதிப் பொருள் கேட்டு வந்தார்கள். அவர்கள் வீடு தேடிப் போய்க் கற்றுக்கொண்டு 1887ல் அச்சிட்டார். ஏட்டை இவ்வளவு காலம் உயிரோடு வைத்திருந்தது அதைப் பூஜித்துச் சொல்லிக்கொண்டிருந்த குடும்பங்கள்தாம்.

அதே ஊர் ம.வீ. இராமானுஜாசாரியார் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வியாச பாரதம் முழுவதையும் தமிழ் உரைநடையில் கொண்டுவர முனைந்தார். வடமொழிப் புலவர்கள் பலரை மொழிபெயர்க்க வைத்து, பகுதி பகுதியாக வெளியிட்டு, ஏறத்தாழ கால் நூற்றாண்டு பாடுபட்டு 18 பருவங்களையும் முடித்தார். கைப்பொருள் கரைந்தது, கடன் ஏறியது. கும்பகோணம் பதிப்பு என்றே பெயர் பெற்ற அந்தப் பாரதம் இன்றும் மறுபதிப்பாகி வாங்கப்படுகிறது.

பேருந்து நிலையத்துப் புத்தகக் கடையில் சொல்ல வாங்குவோர், படிக்க வாங்குவோர் என இரண்டு வகையினரையும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். நவக்கிரகத் தலங்களைச் சுற்ற வேன் பிடித்து வந்தவர்கள் கோளறு பதிகம் வாங்கினார்கள். மதுரைக்குப் புறப்பட்ட சம்பந்தரை, நாளும் கோளும் சரியில்லை என்று அப்பர் தடுத்தபோது இதே டெல்டாவின் தென்கோடியில், வேதாரண்யத்தில் பாடப்பட்டது அது. கோள்கள் அடியாரை ஒன்றும் செய்யாது என்று சொல்லும் பதிகத்தை, கோள்களுக்குப் பரிகாரம் செய்ய வந்தவர்கள் வாங்கிப் போகிறார்கள். முரணாகத் தோன்றலாம். ஆனால் சனிப்பெயர்ச்சிப் பலன் புத்தகம் பயத்தைச் சொல்லுகிற அதே மேசையில், பயப்படாதே என்று சொல்லும் புத்தகமும் கிடைக்கிறதே, அதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

இரண்டாவது வகையினர் படிக்க வாங்குகிறவர்கள். கண்ணதாசனின் 'அர்த்தமுள்ள இந்து மதம்' 10 பாகங்களும் அந்தக் கடையில் முன்வரிசையில் இருந்தன. ரா. கணபதி தொகுத்த, காஞ்சிப் பெரியவரின் 'தெய்வத்தின் குரல்' 7 தொகுதிகளும் மேல் தட்டில். ஒரு காலத்தில் நாத்திக மேடையில் நின்ற கவிஞர், தான் பட்டதையும் கெட்டதையும் வைத்து எழுதியதால்தான் குடும்பப் பாரத்தோடு பேருந்துக்குக் காத்திருக்கும் மனிதருக்கு அந்த நூல் பேச்சுத்துணை ஆகிறது. இவை ஒருமுறை படித்து, மறுமுறை கஷ்டம் வரும்போது தேடி எடுக்கப்படுகிற நூல்கள்.

மூன்றாவது வகையை ஒரு சிறிய அச்சகத்தில் கண்டேன். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் அடிக்கும் இடம். அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க, திருவாசகத்திலிருந்து சிவபுராணத்தை மட்டும் சிறு புத்தகமாக அடிக்கச் சொல்லி ஒரு விவசாயி வந்திருந்தார். பின்னட்டையில் அப்பாவின் படம், தோற்றம், மறைவு. மெய்ப்புத் தாளில் அவர் படத்தைத்தான் உற்றுப் பார்த்தார். தோளில் துண்டு சரியாக விழுந்திருக்கிறதா என்று. "சாப்பாடு போட்டு அனுப்பினா அன்னிக்கோட முடிஞ்சுடும். இது வீட்டுல கிடக்கும், யாராச்சும் எடுத்துப் படிப்பாங்க, அப்பா பேரும் இருக்கும்" என்றார். இறந்தவருக்காகப் பலர் நாவில் ஒரு பாட்டை வைத்துவிட்டுப் போகிறார் மகன். புத்தகம் வாங்க இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

கும்பகோணத்துக்குக் கிழக்கே, ஆடுதுறை தாண்டித் திருவாவடுதுறை. ஆதீன வித்துவானாக இருந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) ஊர் ஊராகத் தலபுராணங்கள் பாடிக் கொடுத்தவர். இன்று கோயில் வாசலில் விற்கும் தல வரலாற்றுப் புத்தகங்களில் பலவற்றுக்கு அடிப்படை இப்படிப்பட்ட புராணங்கள்தாம். உ.வே.சா. இவரிடம் படித்தவர். நாகூர் குலாம் காதிறு நாவலரும் இவருடைய மாணாக்கர் வரிசையில் சொல்லப்படுகிறவர்.

யாழ்ப்பாணம் நல்லூர் ஆறுமுகம் 1849ல் அச்சு யந்திரம் வாங்கத் தமிழகம் வந்தபோது திருவாவடுதுறை மடத்தில் பிரசங்கம் செய்து நாவலர் பட்டம் பெற்றார். 1835ல் அச்சகக் கட்டுப்பாடு தளர்ந்து, இந்தியர்கள் தடையின்றி அச்சுக்கூடம் நடத்தத் தொடங்கியிருந்த காலம். மிஷனரிகள் சிறு புத்தகங்களை வீடு வீடாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பதில் அச்சில்தான் இருக்கிறது என்று நாவலர் கண்டுகொண்டார். 1852ல் பெரியபுராணத்தை வசனமாக எழுதி வெளியிட்டார். செய்யுள் படிக்க ஆசிரியர் வேண்டும். வசனம் படிக்க எழுத்து தெரிந்தால் போதும். சந்தி பிரித்து, நிறுத்தக்குறி இட்டு, பிழை நீக்கி அச்சிடுவதில் அவர் காட்டிய கண்டிப்பு பிறகு வந்த எல்லோருக்கும் அளவுகோல் ஆயிற்று. இன்னும் கிழக்கே, மயிலாடுதுறையை ஒட்டிய தருமபுரம் ஆதீனம் பன்னிரு திருமுறைகளுக்கும் உரையோடு பதிப்பு கண்டது. அந்த மூலமும் உரையும் இப்போது இணையத்திலும் கிடைக்கின்றன.

திருக்கடையூரில் தினமும் அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம். முதலாம் சரபோஜி காலத்து அபிராமி பட்டர் பாடிய அந்தாதி இந்த ஊரின் சொத்து. பிராகாரத்தில் ஒரு மாலைக் குவியலுக்குப் பக்கத்தில் அறுபது வயதைத் தொட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, மடியில் ஒரு கட்டு அபிராமி அந்தாதிப் புத்தகங்களோடு உட்கார்ந்திருந்தார். தாம்பூலப் பையில் போடுவதற்கு. ஒவ்வொன்றாக எடுத்து, ஒரே பக்கத்தைப் பிரித்து, நீல மைப் பேனாவால் ஒரே எழுத்தைத் திருத்தி வைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணனுக்கு மணிவிழா. மொத்தமா வாங்கிட்டு வந்தாங்க. பிரிச்சுப் பார்த்தா இந்த இடத்துல தப்பு" என்றார். அந்தாதியில் ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கம். முடிவில் ஓர் எழுத்து மாறி அச்சாகியிருந்தது. அடுத்த பாட்டோடு கண்ணி அறுந்துவிட்டது. நூறு பாட்டும் மனப்பாடமாக இருந்ததால் அவருக்குத் தட்டுப்பட்டது. "எனக்குப் பாடம். வாங்கிட்டுப் போறவளுக்குப் புத்தகம்தானே? அவ இதைத்தான் சரின்னு பாடுவா, அவ பொண்ணுக்கும் சொல்லிக் கொடுப்பா." இன்னொரு பேனா கேட்டு வாங்கி, அவரோடு உட்கார்ந்து கொஞ்சம் பிரதிகளைத் திருத்திக் கொடுத்தேன். கெட்டிமேளம் ஒலித்தபோதும் அவர் எழுந்திருக்கவில்லை. கட்டு முடிந்த பிறகுதான் எழுந்தார்.

கடற்கரைக்குச் சில கிலோமீட்டர்தான். தரங்கம்பாடியில் 1706 ஜூலையில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கு, இரண்டே ஆண்டில் தமிழ்ச் சுவடிகளை நூற்றுக்கும் மேல் திரட்டி அட்டவணை எழுதினார். தாம் மாற்ற வந்த மக்களின் சமய நூல்களை வாங்கிப் படித்தவர் அவர். லண்டனிலிருந்து அச்சு யந்திரமும் ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துகளும் வந்தன. வந்த எழுத்துகள் பெரியவை, தாள் கட்டுப்படியாகவில்லை. சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். பக்கத்துப் பொறையாற்றில் காகிதப் பட்டறையும் வைத்தார்கள். 1714-15ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியது. தமிழ் எழுத்தில் இன்று கிடைக்கும் முதல் அச்சு நூலான, 1578ஆம் ஆண்டின் 'தம்பிரான் வணக்கம்' கூட 16 பக்கச் செபப் புத்தகம்தான். தமிழ் அச்சின் வரலாறே மக்கள் சொல்லிக்கொள்ள வேண்டிய சொற்களில் தொடங்குகிறது.

காரைக்கால் தாண்டி நாகூர். தர்காவுக்குப் போகும் தெருவில் அத்தர், தொப்பி, மல்லிகைக்கு நடுவே கிதாபுக் கடைகள். அரபு எழுத்திலும், அதை வாசிக்கத் தெரியாதவர்களுக்குத் தமிழ் எழுத்திலும் குர்ஆனின் யாசீன் அத்தியாயம் கிடைத்தது. மவ்லிது நூல்கள், நாகூர் ஹனிபா பாடல் தொகுப்புகள். ஷாகுல் ஹமீது ஆண்டகையின் வரலாற்றைக் குலாம் காதிறு நாவலர் 'கன்ஜுல் கராமத்து' என்ற பெயரில் எழுதியிருக்கிறார். "வாப்பா மவுத்தானப்ப ஓத ஆள் தேடினோம், இனிமே நானே ஓதணும்னு வந்து தமிழ் யாசீன் வாங்குற பொம்பளைங்க நிறைய" என்றார் கடைக்காரப் பாய். வேளாங்கண்ணியில் புத்தாண்டுக் கூட்டம் இன்னும் கலையவில்லை. நவநாள் செபம், செபமாலைத் தியானம், மாதாவின் புதுமைகள், தமிழோடு மலையாளத்திலும். ஒரு மீனவக் குடும்பத்துப் பெண், பள்ளிக்கூடம் போகும் மகளிடம் புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வாங்கினார். தஞ்சையில் நான் கண்ட அதே சோதனை. இங்கே வாசிக்கிற நாக்கு மகளுடையது.

மூன்று சமயம், ஒரே காரணம். கூலிக்குப் பாடுகிறவர், ஓதுகிறவர், பூசை வைக்கிறவர் யாரும் இல்லாமல், தன் வீட்டில், தன் வாயால் சொல்ல வேண்டும். பிறப்பால், பாலால், படிப்பால் அந்த உரிமை மறுக்கப்பட்டிருந்தவர்களுக்கு அதை விலைக்குக் கொடுத்தது அச்சு. விலை குறையக் குறைய அது பரவியது. 1923ல் கோரக்பூரில் தொடங்கிய கீதா பிரஸ், அடக்க விலையைவிடக் குறைத்தே விற்று, 2023 வரை 14 மொழிகளில் 41.7 கோடிப் பிரதிகள் அச்சிட்டிருக்கிறது. அதில் கீதை மட்டும் 16.21 கோடி. தமிழில் பி. இரத்தின நாயகர் ஸன்ஸ் போன்றவர்கள் 'பெரிய எழுத்து' நூல்களைப் போட்டு, கண் மங்கியவரையும் எழுத்துக் கூட்டிப் படிப்பவரையும் வாசகர் ஆக்கினார்கள்.

விலையைக் கவனித்தோம், எழுத்தின் அளவைக் கவனித்தோம். எழுத்தின் திருத்தத்தைக் கைவிட்டுவிட்டோம் என்பதே இந்தப் பயணத்தில் எனக்குப் பட்ட வருத்தம். நான் புரட்டிய சிறு புத்தகங்களில் பலவற்றில் பதிப்பாசிரியர் பெயர் இல்லை. எந்த மூலத்தைப் பார்த்து அச்சிட்டார்கள் என்ற குறிப்பும் இல்லை. லகர ளகரமும் ரகர றகரமும் இடம் மாறிக் கிடக்கின்றன. ஒரு நாவலில் அச்சுப்பிழை இருந்தால் வாசகர் தாண்டிப் போவார். இங்கே வாங்குகிறவர் பிழையை அப்படியே உருப்போடுகிறார். அவர் புத்தகத்தைச் சந்தேகிப்பதில்லை. அந்த நம்பிக்கைக்கு ஈடாகப் பதிப்பாளர் கொடுக்க வேண்டியது சரியான பாடம்.

இதற்குப் பெரிய செலவில்லை. தருமபுரத்தின் பதிப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு பெரிய கோயிலிலும் ஓதுவாரோ அத்தியாபகரோ இருக்கிறார். வாசலில் விற்கும் புத்தகத்தின் மெய்ப்பை அவர் ஒருமுறை வாய்விட்டுப் படித்தால் பாதிப் பிழை நீங்கும். சந்தி பிரித்து, பெரிய எழுத்தில் போட்டு, கடைசிப் பக்கத்தில் திருத்தியவர் பெயரும் முகவரியும் அச்சிடட்டும். பிழை கண்டவர் எழுதுவார். அடுத்த பதிப்பு திருந்தும். உ.வே.சா. சிந்தாமணியை அடுத்தடுத்த பதிப்புகளில் திருத்திக்கொண்டே போனது இந்த வழியில்தான். அந்த நேர்மை இருபது ரூபாய்க் கவசத்துக்கும் முப்பது ரூபாய்த் திருப்பாவைக்கும் வேண்டும். சிந்தாமணி வாங்கியவர் அதை ஒருமுறை படித்திருக்கலாம். இவற்றை வாங்குகிறவர் ஆயுள் முழுக்கச் சொல்லப்போகிறார்.